அதிகப்பிரசங்கிகள் வாழ்க!

தமிழில் வசவுச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. அவற்றுள் மிகவும் கௌரவமான வசவு எது என்று யாராவது கேட்டால், 'அதிகப்பிரசங்கி' என்பதுதான் என்று சொல்வேன். காதில் விழும்போது ஏதோ சபையில் பொன்னாடை போர்த்திக் கொடுத்த பட்டம் போலவே இருக்கும். 'பிரசங்க பூஷணம்', 'உபந்நியாச கேசரி' என்னும் வரிசையில் இதையும் சேர்த்துவிடலாம். ஆனால் பட்டம் பெற்ற குழந்தைக்கல்லவா அதன் மகிமை தெரியும்!

"தாத்தா, பல்லி ஏன் உத்தரத்திலிருந்து கீழே விழுவதில்லை?" என்று குழந்தை கேட்கிறது. தாத்தாவுக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டால் தாத்தா உத்தியோகத்துக்கே பங்கம் வந்துவிடும். ஆகையால், "போடா, அதிகப்பிரசங்கி!" என்கிறார். பல்லி தவறி விழுந்தால், தலையில் விழுந்ததற்கு இன்ன பலன், தோளில் விழுந்ததற்கு இன்ன பலன் என்று சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது. அது ஏன் விழாமல் இருக்கிறது என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

தாத்தாவின் மேல் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகளே வெகுகாலம் திண்டாடினார்கள். டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் சுமார் 5 லட்சம் நுண்ணிய ரோமங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு ரோமத்தைத் தனியாக எடுத்து, அதன் பிடியை 2000-ஆம் ஆண்டில்தான் அளந்து பார்த்தார்கள். வான் டெர் வால்ஸ் விசை என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோமே, அந்த விசைதான் பல்லியைத் தாங்குகிறது என்பதற்கு 2002-ல் நல்ல சான்று கொடுத்தார்கள். ஆக, உத்தரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட குழந்தை, இருபத்தோராம் நூற்றாண்டின் ஆராய்ச்சி வாசலில் போய் நின்றிருக்கிறது. வாசலில் நின்றவனைத்தான் "போடா" என்று விரட்டிவிட்டோம்.

ஆங்கிலத்தில் 'கீக்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் ஒரு காலத்தில் வசவுதான். ஊர் உலகம் தெரியாமல், எதையோ நோண்டிக்கொண்டு, வேண்டாத சந்தேகங்களைக் கிளப்பிக்கொண்டு திரிகிறவன் என்று அதற்குப் பொருள். இன்றோ அந்தச் சொல்லைப் பனியனில் அச்சடித்து மார்பில் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள். வசவுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது! நம்முடைய அதிகப்பிரசங்கிக்கு மட்டும் இன்னும் பதவி உயர்வு வரவில்லை. அதற்குச் சிபாரிசு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சாட்சியை வெகு தூரம் போய்த் தேட வேண்டியதில்லை. நாம் வாழும் இதே கொல்கத்தாவுக்கு 1907-ஆம் ஆண்டில் கணக்கிலாகா உத்தியோகம் பார்க்க வந்து சேர்ந்த ஒரு தமிழர் இருந்தார். பகலில் சர்க்கார் கணக்கு. மற்ற நேரத்தில் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் பரிசோதனை. சர். சி. வி. ராமன் அவர்களைத்தான் சொல்கிறேன். 1921-ல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்த் திரும்பினார். மத்தியதரைக் கடலைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கேள்வி தோன்றிற்று: "கடல் ஏன் நீலமாக இருக்கிறது?"

ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி. அப்போது ராமனுக்கு வயது 32. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு என்னும் மகா மேதை ஏற்கெனவே பதிலும் சொல்லியாயிற்று. நம் வீட்டுப் பெரியவர்களாயிருந்தால், "பெரியவர் சொன்ன பிறகும் என்னடா கேள்வி?" என்றிருப்பார்கள். ராமன் என்ன செய்தார்? பிரதிபலிப்பை மறைக்கும் ஒரு சிறு படிகக் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டுகொண்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம் போனார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. அதிகப்பிரசங்கத்துக்குக் கிடைத்த கூலி!

நோபல் பரிசு சரி. 'இக் நோபல்' என்று இன்னொரு பரிசு இருப்பதை அன்பர்கள் அறிந்திருப்பார்கள். மார்க் ஏப்ரகாம்ஸ் என்பவர் அமெரிக்காவில் 1991-ல் தொடங்கியது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத்தான் அது கிடைக்கும். முன்பு அதன் பரிசுத் தொகை பத்து லட்சம் கோடி டாலராக இருந்தது என்றால் மயக்கம் போட்டு விழ வேண்டாம். அமெரிக்க டாலர் அல்ல; செல்லாமல் போன ஜிம்பாப்வே டாலர் நோட்டு ஒன்று! முன்பெல்லாம் நன்றியுரையை நீட்டிக்கொண்டே போனால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறி, "தயவுசெய்து நிறுத்துங்கள், எனக்கு அலுப்பாயிருக்கிறது" என்று சொல்லுவாள். இந்த ஏற்பாட்டை நம் ஊர்ப் பாராட்டு விழாக்களுக்கு உடனே இறக்குமதி செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்தப் பரிசில் பாரத தேசத்தார் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. யானையின் மேல்தோலின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டதற்காகக் கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகுமார், நிர்மலன் இருவருக்கும் 2002-ல் கணிதத்துக்கான இக் நோபல் வழங்கினார்கள். யானைக்கு யாராவது சட்டை தைக்கப் போகிறார்களா என்று சிரிக்கத் தோன்றும். சிரித்து முடித்த பிறகு யோசியுங்கள். உடம்பின் உஷ்ணம் பெரும்பாலும் தோலின் வழியாகத்தானே வெளியேற வேண்டும்? தோலின் பரப்புத் தெரியாமல் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? யானையைப் படுக்க வைத்து அங்குலம் அங்குலமாகத் துணி சுற்ற முடியுமா? உயரத்தையும் முன்னங்காலடியின் சுற்றளவையும் அளந்தால் போதும், பரப்பைக் கணக்கிட்டுவிடலாம் என்று அவர்கள் சூத்திரம் கண்டார்கள். 2025-ல் விகாஸ் குமார், சார்த்தக் மித்தல் என்ற இருவர், நாற்றமெடுக்கும் காலணிகளையும் அவற்றை வைக்கும் அலமாரியையும் பற்றி ஆராய்ந்து பரிசு பெற்றார்கள். புறஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் அலமாரி அது. மாணவர் விடுதியில் ஒரு மழைக்காலம் குடியிருந்தவர் எவரும் இதை வீண் ஆராய்ச்சி என்று சொல்லத் துணியமாட்டார்.

இனித் தவளைக் கதை. நெதர்லாந்து தேசத்து நைமேகன் நகரில் பெரிய மின்காந்தம் ஒன்று இருந்தது. ஆந்த்ரே கைம் என்ற விஞ்ஞானி ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதற்குள் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். விலையுயர்ந்த கருவிக்குள் தண்ணீர்! நம் ஆய்வுக்கூடத்தில் செய்தால் மறுநாளே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் கீழே வழியாமல் அந்தரத்தில் உருண்டையாக மிதந்தது. தண்ணீரைக் காந்தம் மிக மிக இலேசாகத் தள்ளும். காந்தம் போதிய அளவு பலமாயிருந்தால் அந்தத் தள்ளலே எடையைத் தாங்கிவிடும். உயிருள்ள தவளையும் பெரும்பாலும் தண்ணீர்தானே? 1997-ல் சுமார் 16 டெஸ்லா காந்தப் புலத்தில் ஒரு தவளை சுகமாக மிதந்தது. 2000-ஆம் ஆண்டில் கைமுக்கும் மைக்கேல் பெர்ரிக்கும் அதற்காக இக் நோபல் கிடைத்தது. அதே கைம், பிறகு மான்செஸ்டரில், பென்சில் கரியின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, உரித்ததையே மறுபடி உரித்து, ஒரே ஓர் அணு கனமுள்ள கிராஃபீன் ஏட்டைப் பிரித்தார். நோவோசெலோவ் என்ற தம் கூட்டாளியுடன் 2010-ல் உண்மையான நோபல் பரிசே வாங்கினார். தவளையைப் பார்த்துச் சிரித்த அதே மனந்தான் ஒட்டுநாடாவையும் எடுத்துப் பார்த்தது. இரண்டுக்கும் வெவ்வேறு மூளை இல்லை.

தமிழனாகப் பிறந்துவிட்டுக் காப்பியைப் பற்றிப் பேசாமல் இருக்கலாமா? கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் கூடத்தில் பலருக்கும் பொதுவாக ஒரே காப்பிப் பாத்திரம். மாடியேறி இறங்கிப் போய்ப் பார்த்தால் பாத்திரம் காலி. 1991-ல் சிலர் அதன் எதிரே ஒரு காமிராவை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காப்பி இருக்கிறதா என்று பார்க்க வழி செய்தார்கள். 1993-ல் அந்தப் படம் இணைய வலையில் ஏறி, உலகம் முழுதும் பார்த்தது. இன்று அமெரிக்காவிலிருக்கும் பேரனை அம்மாச்சி தினமும் கைபேசியில் பார்த்துக் கொஞ்சுகிறாளே, அந்த மாதிரி இணையக் காமிராவின் மூதாதை அந்தக் காலிப் பாத்திரந்தான். சோம்பேறித்தனம் இவ்வளவு பெரிய தர்மத்தைச் செய்யும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

"அப்படியானால் எந்த அசட்டுத்தனத்துக்கும் வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்கலாமா?" என்று ஒரு கட்சி எழும். அதில் நியாயம் இருக்கிறது. அசட்டுக் கேள்விகள் எல்லாம் நோபல் பரிசில் போய் முடிவதில்லை. அநேகம் அசடாகவே முடியும். ஆனால் மேலே சொன்னவர்களுள் ஒருவராவது அசட்டுக் கேள்வியோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராமன் கண்ணாடி கொண்டு பார்த்தார்; கேரளத்தார் நாடா கொண்டு அளந்தார்கள்; கைம் காந்தப் புலத்தைக் கணக்கிட்டார். கேள்வி எவ்வளவு வேடிக்கையாகவும் இருக்கலாம். விடை தேடும் முறை மட்டும் கறாராக இருக்க வேண்டும். நாமோ இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கேள்வி கௌரவமாயிருக்க வேண்டும் என்று வெகு கறாராகப் பார்க்கிறோம். விடை எப்படியிருந்தாலும் கை தட்டுகிறோம்.

பல்கலைக்கழகக் கருத்தரங்குகளைப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேச்சு. "கேள்விகள் உண்டா?" என்று தலைவர் கேட்கிறார். சபையில் சித்திரப் பதுமைகளின் மௌனம். பிறகு கை தட்டல், பிறகு சமோசா. வங்காளிகள் சமோசாவைச் 'சிங்காரா' என்கிறார்கள். அன்றைய நிகழ்ச்சியில் சிங்காரமாக இருந்ததும் அது ஒன்றுதான்.

இம்மாதிரி ஒரு கூட்டம் முடிந்து வந்த அன்று, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் மெல்லக் கேட்டான்: "அண்ணா, வெற்றிடம்னா ஒண்ணுமே இல்லாத இடம். ஒண்ணுமில்லாததுக்கு எப்படிச் சக்தி இருக்கும்?" அங்கேயே கேட்டிருக்கலாமே என்றேன். "இங்கிலீஷ் தடுமாறும்ணா. சிரிச்சிடுவாங்க" என்றான். அன்பர்களே, அது லேசான கேள்வி அல்ல. வெற்றிடத்தின் சக்தியைக் கொள்கையின்படி கணக்கிட்டால் வரும் எண்ணுக்கும், வானத்தை அளந்து பார்த்துக் காணும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், 1-க்குப் பக்கத்தில் சுமார் 120 பூஜ்யம் போட்ட அத்தனை மடங்கு. பௌதிகத்தில் தீராத பெரிய வழக்குகளுள் அது ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பேச வந்தவரே மகிழ்ந்திருப்பார். எங்கள் கூட்டம் அதைச் சிங்காராவோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

இப்போது அந்தத் தம்பியைப் போன்றவர்கள் இரவில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, கைபேசியிலுள்ள செயற்கை அறிவு யந்திரத்திடம் சந்தேகம் கேட்கிறார்கள். நல்லதுதான். அது சிரிக்காது, முகம் சுளிக்காது, ஒருநாளும் அதிகப்பிரசங்கி என்று சொல்லாது. தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் மட்டும் சில சமயம் நம் தாத்தாவைப் போலவே சங்கடப்பட்டு, எதையாவது கட்டிவிடும். என் கவலை அதுவல்ல. போர்வைக்குள் கேட்ட கேள்வி போர்வைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதே சந்தேகத்தோடு பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்கு அது கேட்பதில்லை. நாற்பது பேர் தனித்தனியே விடை பெற்றுக்கொண்டு, நாற்பது பேரும் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தால் அது விஞ்ஞானமா?

1975-ல் அமெரிக்காவில் ஜாக் ஹெதரிங்டன் என்ற பௌதிக ஆசிரியர் தாம் ஒருவராகவே எழுதிய கட்டுரையில் ஆங்கிலப் பன்மை போட்டு எழுதிவிட்டார். ஒருவர் எழுதினால் பன்மை கூடாது என்பது அந்தப் பத்திரிகையின் விதி. தட்டச்சில் அடித்த கட்டுரையை மறுபடியும் அடிப்பதைவிடச் சுலபமான ஓர் உபாயம் செய்தார். தம் வீட்டுப் பூனையைக் கூட்டாசிரியராகச் சேர்த்து, வில்லார்ட் என்று கௌரவமான பெயரும் கொடுத்து அனுப்பிவிட்டார். கட்டுரையும் வெளியாயிற்று! தமிழில் எழுதியிருந்தால் அவருக்குப் பூனை தேவைப்பட்டிராது. நம்மிடம் 'நாங்கள்' என்று ஒரு பன்மை உண்டு. அதில் கேட்பவருக்கு இடமில்லை. 'நாம்' என்று இன்னொரு பன்மை உண்டு. அதில் கேட்பவரும் பங்காளி. 'நாங்கள் கண்டுபிடித்தோம், நீங்கள் கை தட்டுங்கள்' என்று நடக்கும் கூட்டத்தை, 'நாம் கண்டுபிடிப்போம்' என்று மாற்ற ஒரே ஓர் அதிகப்பிரசங்கி எழுந்து நின்றால் போதும்.

ஆகவே நமது சங்கக் காரியதரிசிக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒருமுறை 'அதிகப்பிரசங்க மாலை' ஒன்று நடத்துங்கள். எவரும் எந்தக் கேள்வியும் கேட்கலாம். தமிழில் கேட்கலாம், தடுமாறியும் கேட்கலாம். விடை தெரிந்தவர் சொல்லட்டும். தெரியாதவர் 'தெரியாது' என்று உரக்கச் சொல்லட்டும். முதலில் அப்படிச் சொல்லும் மூத்த மாணவருக்கு ஊரிலிருந்து வந்த முறுக்கில் ஒரு பங்கு தனியாகத் தரவேண்டும். யாராவது விடையை நீட்டினால், "மாமா, போதும்" என்று சொல்ல நம் சங்கத்துக் குடும்பங்களில் எட்டு வயதுச் சிறுமிகளுக்கா பஞ்சம்? வெற்றிடத்தைப் பற்றிய கேள்வி ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கேட்க வேண்டிய தம்பியை முன்வரிசையில் உட்கார வைக்கும் பொறுப்பு என்னுடையது.