சோம்பேறி யார்? குழந்தையா, கிட்டாரா?

எட்டு வயதுப் பெண் குழந்தை. பிறந்த நாளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறாள். அப்பாவும் ஆசையோடு வாங்கிக் கொடுக்கிறார்.

பத்து நாள் ஒரே உற்சாகம். பதினோராம் நாள் கிட்டார் மூலைக்குப் போய்விடுகிறது.

"விரல் வலிக்குதுப்பா!" என்கிறாள் குழந்தை.

"எல்லாம் சாக்கு. காசுதான் கரியாப் போச்சு!" என்கிறார் அப்பா.

இது பல வீடுகளில் நடக்கிற கதை. ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் அப்பா ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தக் கிட்டாரை எடுத்து, ஒரு கம்பியைத் தம் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பல சமயம் அவருக்கே வலிக்கும்!

அப்படியானால் குற்றவாளி குழந்தை அல்ல, கருவிதான். அப்பாவின் செருப்பை மாட்டிவிட்டு, "ஏன் ஓடவில்லை?" என்று பிள்ளையைக் கேட்பது நியாயமா?

வாசிக்கத் தெரியாதவர்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். பிறகு கிட்டார் செய்யத் தொடங்கினார். 1954-ல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' உலகப் புகழ் பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! வாசிப்பவர்களிடம் கொடுப்பார். அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்துவார்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் கம்பியின் நீளம் 25½ அங்குலம். 1956-ல் அதே நிறுவனம், கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கென்று 22½ அங்குல கிட்டார்களை வெளியிட்டது.

3 அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது? நிறைய வருகிறது!

வீணையில் இருப்பதுபோல் கிட்டாரின் கழுத்திலும் குறுக்கே மெட்டுகள் உண்டு. பெரிய கிட்டாரில் முதல் மெட்டுக்கு விரல் கடக்க வேண்டிய தூரம் சுமார் 36 மில்லிமீட்டர். சின்னதில் 32. அதே கம்பி, அதே சுருதி என்றால், இழுவிசையும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. சின்னக் கைக்கு அது பெரிய உதவி.

கம்பியும் உயரமும்

புதுக் கிட்டார் வாங்க வசதி இல்லையா? இருப்பதையே திருத்தலாம்.

முதலில் கம்பியை மாற்ற வேண்டும். கம்பியின் கனத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள். மெல்லிய கம்பி 10 என்ற அளவில் இருந்தால், 9-க்கு மாற்றலாம். இழுவிசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 8-ம் கடையில் கிடைக்கிறது.

அடுத்தது உயரம். பன்னிரண்டாம் மெட்டின் மேல் கம்பி சுமார் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் நல்லது. மிகவும் தாழ்த்தினால் கம்பி மெட்டில் இடித்துக் கறகறக்கும்.

ஒளிந்திருக்கும் திருடன் ஒருவன் உண்டு. கழுத்தின் தலைப்பில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டை. அதற்கு 'நட்' என்று பெயர். அதன் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாவிட்டால், முதல் மெட்டை அழுத்துவதற்குள் குழந்தைக்கு உயிர் போகும். கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால், முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு தலைமுடி அளவு சந்துதான் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் நட்டைத் திருத்த வேண்டும். அதிகமாக அராவிவிட்டால் கட்டையே வீண்! ஆகவே அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

வீட்டிலேயே ஒரு வழி

அரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. எல்லாக் கம்பிகளையும் இரண்டு மெட்டு அளவு சுருதி இறக்க வேண்டும். பிறகு 'கேப்போ' என்ற கவ்வியை இரண்டாம் மெட்டில் மாட்ட வேண்டும்.

சுருதி பழையபடியே வந்துவிடும். கம்பியோ தளர்ந்திருக்கும். மெட்டுகளின் இடைவெளியும் குறையும். நட்டின் தொல்லையும் ஒழியும். 25½ அங்குல கிட்டார், ஏறக்குறைய 22¾ அங்குல கிட்டார் ஆகிவிடும்! குழந்தை வளர்ந்ததும் கவ்வியைக் கழற்றிவிடலாம்.

வலி இரண்டு வகை

"கஷ்டப்பட்டால்தான் கலை வரும்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் வலியில் இரண்டு வகை இருக்கிறது.

கற்கத் தொடங்கும் எவருக்கும் விரல் நுனி வலிக்கும். சில வாரங்களில் தோல் காய்த்துவிடும், வலியும் போய்விடும். அது கலைக்குக் கொடுக்கும் காணிக்கை. பொருந்தாத கருவி தரும் வலி வேறு. அது மணிக்கட்டுக்கும் ஏறும். மாதக் கணக்கானாலும் போகாது. முதல் வலி வித்தையைத் தரும். இரண்டாவது வலி பிள்ளையை விரட்டிவிடும்.

"முதலில் சாதாரண மரக் கிட்டாரில் பழகட்டும், எலெக்ட்ரிக் பிறகு" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இரும்புக் கம்பி போட்ட மரக் கிட்டாரில் கம்பி தடிப்பு. அழுத்த அதிக பலம் வேண்டும். சின்ன விரலுக்கு எலெக்ட்ரிக்கே சுலபம். ஆனால் அதன் எடை 3, 4 கிலோ இருக்கும். ஆகவே குழந்தையை உட்கார வைத்தே பழக்க வேண்டும்.

ஆசை இல்லாத பிள்ளையும் இருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கருவியை முதலில் சரி செய்வதுதான். பிறகும் குழந்தை தொடவில்லையென்றால், அது அவள் விருப்பம்.

கிட்டாரைத் திருத்துவது எளிது. ஆனால் "எனக்கு இது வராது" என்று ஒரு குழந்தையின் மனதில் விழுந்த எண்ணத்தை எந்தக் கடையில் கொடுத்துத் திருத்துவது?