நியாயத்தீர்ப்பும் முதல் தகவல் அறிக்கையும்

உத்தரப் பிரதேச மதமாற்றத் தடைச் சட்டத்தில் 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனைகூட உண்டு. இதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. கடவுளின் கோபத்தைச் சொல்லி ஆள் சேர்ப்பதையும் அந்தச் சட்டம் ஆசைகாட்டுதலில் சேர்த்திருப்பதைத்தான் பலர் கவனிக்கவில்லை. கோபம் எப்படி ஆசைகாட்டுதல் ஆகும் என்பதை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒரிசாவின் 1967 சட்டமும் மத்தியப் பிரதேசத்தின் 1968 சட்டமும் இதைப் பலவந்தம் என்றன. ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் இரண்டும் செல்லும் என்றது. 2002-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இது இருந்தது.

இனி நியாயத்தீர்ப்பைப் பிரசங்கிக்கலாமா என்று போதகர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் எரிநரகப் படம் போட்ட கைப்பிரதிகளை இந்தச் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நாம் நிறுத்தியிருக்க வேண்டும். அந்திப்பாவைப் பறிகொடுத்த பெர்கமுவுக்கும், சிறையை எதிர்நோக்கியிருந்த சிமிர்னாவுக்கும் போன நிருபம் வெளிப்படுத்தின விசேஷம். அடிபடுகிறவர்கள் தளராதிருக்க எழுதியதை எடுத்து அண்டைவீட்டாரை மிரட்டுகிறோம். உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று டார்பி வழியாகவும் ஸ்கோபீல்டு வழியாகவும் கற்ற நாம், அடி விழுந்ததும் கடைசி காலத்தின் அடையாளம் என்கிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று எந்தக் கன்வென்ஷன் மேடையிலும் யாரும் கேட்பதில்லை.

தெசலோனிக்கேயில் நடந்ததும் இதுதான். துன்பத்தில் இருந்த சபையில் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. பவுல் அதை மறுத்தார். சோம்பித் திரிந்தவர்களை வேலை செய்து சாப்பிடச் சொன்னார். நம் இறையியல் கல்லூரிகளில் இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பாவமனுஷன் யார் என்பதிலேயே வகுப்பு முடிந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரத்துக்கு நேரம் இருப்பதில்லை.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. முந்தைய மதத்துக்குத் திரும்புவது மதமாற்றமே அல்ல என்கிறது அதே உத்தரப் பிரதேசச் சட்டம். அந்தத் திரும்புதலுக்காக ஊர்விலக்கம் என்று மிரட்டுபவர்கள்மேல் எந்தப் பிரிவு பாயும்?

நம் பேராயங்களிடம் கேட்க அதைவிட அதிகம் உண்டு. நிலத்தகராறு என்றால் மூத்த வழக்கறிஞர் ஒரே வாரத்தில் கிடைத்துவிடுகிறார். இங்கிருந்து வடக்கே போன ஊழியர் கைதானால் அறிக்கை வருகிறது, உபவாச ஜெபம் வருகிறது, வருகை சமீபம் என்ற செய்தியும் வருகிறது. உள்ளூரில் ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு பேரைத் தேடி அவருடைய மனைவிதான் அலைகிறாள்.