செயற்கைப் பார்: மீனுக்கு வீடா, மடிக்கு வேலியா?

நம் குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய பொழியூர் தொடங்கி வடக்கே வர்க்கலை வரையில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவக் கிராமங்களுக்கு எதிரே, கிராமத்திற்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் கூடுகளைக் கடலில் இறக்கும் பணி 2024ஆம் ஆண்டு தொடங்கிற்று. இறக்கும் ஆழம் 12 பாகம் முதல் 15 பாகம் வரை. முக்கோண வடிவிலும் குழாய் வடிவிலும் வார்த்தெடுத்த இக்கூடுகளின் தொகுதிக்குச் செயற்கைப் பார் என்று பெயர். மீனுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்பது அரசாங்கம் தரும் விளக்கம். வீடு கட்டினால் குடிவருவது யார், வாடகை வாங்குவது யார் என்னும் வினா தரையில் எழுவது போலவே கடலிலும் எழுகிறது. இதை மீனவ மக்கள் எவ்வாறு காண்கிறார்கள் என்பதை நாம் போதிய அளவு கேட்டறியவில்லை என்பதே என் கருத்து.

‘பார்’ என்னும் சொல்லை நாம் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டுக்குத் தென்கரையோரத்தில் வழங்கும் பெயர் அதுதான். களவாயும் விளமீனும் செப்பிலியும் சிங்கிறாலும் பாரைச் சார்ந்தே வாழ்வன. எனவே தூண்டில்காரனுக்குப் பார் என்பது பரம்பரைச் சொத்துக்கு நிகர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொத்துக்கு அவன் எல்லைக்கல் நடுவது கணிச்சத்தினால். கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும், அதற்குப் பின்னே எழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வரப் பிடிப்பான். பின்பு வேறு திசையில் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தையும் மற்றொரு மலை முகட்டையும் அவ்வாறே பிடிப்பான். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கினால், அடியில் பார் இருக்கும். வடிவகணித வகுப்பில் நாம் பேராசிரியரிடம் திட்டு வாங்கிக்கொண்டு படித்த பாடத்தைத்தான் கட்டுமரத்தில் நின்றபடி அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். தகப்பன் மகனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்த கணிச்சங்கள் பல உண்டு. அடுத்த கட்டுமரம் கண்ணில் படுமாயின், பாருக்குப் போகாமல் வேறு பக்கம் துடுப்பை வலித்தவர்களும் உண்டு.

செயற்கையாகப் பார் அமைப்பதும் அவர்களுக்குப் புதிதன்று. மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் சேர்வதைக் கண்ட திருவனந்தபுரம் கரையோர மக்கள், கல்லையும் தென்னையின் கழிவுகளையும் கட்டித் தாமாகவே கடலில் இறக்கி வந்தனர். பொருளாதார அறிஞர் ஜான் குரியன், 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவற்றை மக்களின் செயற்கைப் பார்கள் என்றே அழைத்தார். இம்முயற்சி 1980களில் ஏன் வேகம் கொண்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. விசைப்படகுகள் பெருகி, கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிகள் கரையை நெருங்கி வந்த காலம் அது. மடி இழுத்த இடத்தில் பார் தேய்ந்தது. பார் தேய்ந்த இடத்தில் தூண்டிலுக்கு மீன் இல்லாது போயிற்று. அப்பொழுது ஊரார் கல்லை இறக்கியது மீன் சேர வேண்டும் என்பதற்காக மட்டுமன்று. கல் கிடக்கும் இடத்தில் இழுவைமடி வராது, வந்தால் கிழியும். பல்லாயிரம் ரூபாய் மடியைக் கல்லில் கிழித்துக்கொள்ள எந்தப் படகுக்காரன் துணிவான்? அரசாங்கக் கணக்கில் மீனுக்கு வீடாக இருப்பது, ஊரார் கணக்கில் முதற்கண் முள்வேலி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் செயற்கைப் பார் பற்றிப் பேசுவது வீண்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கேரளத்தில் 1980ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டிலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்கள் வந்தன. நம் மாநிலத்தில் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகு மீன் பிடித்தல் கூடாது. ஆயினும் நள்ளிரவில் அந்தத் தொலைவை அளந்து பார்ப்பவர் யார்? கல்லுக்கோ உறக்கமில்லை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இல்லை. (நம் கரையோர மக்களே பல ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்பது வேறு செய்தி.) சட்டம் செய்யத் தவறிய காவலைக் கல் செய்யட்டும் என்று தூண்டில்காரர் விரும்புவதில் வியப்பென்ன?

ஆனால் ‘மீனவ சமுதாயம் வரவேற்கிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பிழை. மீனவர் எல்லாரும் ஒரே தொழில் செய்பவர் அல்லர். கரைமடி வளைப்பவனுக்கு இழுக்கும் வழியில் கல் கிடந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. அடியோட்டமாக வலை விடுபவன், நீவாட்டில் வலை நகர்ந்து கான்கிரீட்டில் மாட்டிக்கொள்ளும் என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் பொய்யன்று. மாட்டிய வலையை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். அறுந்த வலை அங்கேயே கிடந்து ஆளில்லாமல் மீனைக் கொன்றுகொண்டிருக்கும். தூத்தூர் வட்டாரத்துச் சுறா வேட்டைக்காரர்களோ வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள்; 15 பாகத்தில் எதை இறக்கினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். எனவே இடத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்திற்கு யாரை அழைத்தார்கள் என்பதைப் பொறுத்தே ‘ஊர் சம்மதம்’ என்பதன் பொருள் அமையும்.

மீன் பெருகுகிறதா, அல்லது சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் கூடுகிறதா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். இது ஏட்டுச் சர்க்கரை வாதம் அன்று. நம் குளச்சல் பகுதியிலிருந்து கருநாடகக் கடலுக்குச் சென்றவர்கள் தென்னங்குலைக் காம்புகளைக் கட்டி, மணல் மூட்டையைப் பாரமாக வைத்து இறக்கிக் கணவாய் பிடித்தார்கள். கணவாய் ஏராளமாகக் கிடைத்தது. உள்ளூர் மீனவர் கடுமையாக எதிர்த்தனர். காரணம், கணவாய் அங்கே கூடுவது முட்டையிட. காம்புகளில் கொத்துக் கொத்தாக முட்டையிட வரும் தாயைப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு என்ன மிஞ்சும்? நம்மவர் என்பதற்காக இதை நான் மறைக்க விரும்பவில்லை. பிடிப்பதற்கு ஒரு முறை வகுக்காவிட்டால், மீன் கூடும் எந்த இடமும் மீனைக் கூட்டிக் கொல்லும் இடமாகிவிடும்; கான்கிரீட்டும் இதற்கு விலக்கன்று.

முறை வகுப்பதென்றால் உரிமை யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். செயற்கைப் பாருக்கு அரசே நெடுங்காலமாகப் பணம் தரும் நாடு ஜப்பான். அங்கே 1949ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி, கரையோரக் கடலில் மீன் பிடிக்கும் உரிமை அவ்வூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கு உண்டு. சங்கம் விதி செய்யும். மீறியவனைச் சங்கமே கேட்கும். நாம் ஜப்பானிலிருந்து கல்லை மட்டும் கற்றுக்கொண்டு சங்கத்தை விட்டுவிட்டோம். பழைய பாருக்குக் கணிச்சம் என்னும் இரகசியமாவது காவலாக இருந்தது. புதிய பாரின் இருப்பிடத்தை அளந்து குறித்தே இறக்குகிறார்கள். ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கும் எவனும் அங்கே போய் நிற்கலாம். பக்கத்து ஊர்ப் படகு வந்து நின்றால் எந்தச் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது?

இன்னொரு மனக்குறையும் கரையில் உண்டு. கடல் பாழாவதற்கு ஈடாகக் கல்லைத் தருகிறார்களோ என்பது அது. விழிஞ்ஞம் துறைமுகப் பணியால் கரை அரிக்கப்படுகிறது என்று 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மீனவர் போராடினர். இயற்கைப் பார்களும் கெட்டன என்பது அவர்கள் முறையீடு. தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை ஆண்டாண்டாக வெட்டி எடுத்தோம். இப்போது தேய்ந்துபோன வான் தீவைக் காக்க 2015 முதல் கான்கிரீட் கூடுகளை இறக்கினோம். அமெரிக்காவின் புளோரிடாவில் 1972இல் இருபது இலட்சம் பழைய டயர்களைச் செயற்கைப் பார் என்று சொல்லிக் கடலில் கொட்டினார்கள். கட்டு அறுந்த டயர்கள் உருண்டு உண்மைப் பவளத்தை நசுக்கின. 2007 முதல் முக்குளிப்போரை வைத்து அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் கான்கிரீட் அவ்வளவு மோசமன்று. ஆயினும் இருக்கிற பாரைக் காப்பது இல்லாத பாரை வார்ப்பதைவிட மலிவு என்று கரையில் யாரும் சொல்லுவார்கள்.

நான் செயற்கைப் பாருக்கு எதிரி அல்லன். இழுவைமடியைத் தடுக்கும் அளவுக்கேனும் அது வேண்டும். ஆனால் இறக்குமுன் தூண்டில்காரர், வலைக்காரர், கரைமடிக்காரர் என எல்லாரும் உட்கார்ந்து இடத்தை முடிவு செய்யட்டும். அங்கே தூண்டில் மட்டும் என்று ஊர் எழுதும் விதிக்கு மீன்வளத் துறை சட்ட வலு தரட்டும். குறிப்பேட்டில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒவ்வொரு புதிய பாரின் கணிச்சத்தையும் எழுதி வைக்கட்டும். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகக் கடலுக்குப் போவதை நிறுத்தி வருகிறார்கள்.