வால்வு வாங்கும் முன்

ஹெட்போனுக்கென்று சில ஆயிரம் ரூபாயில் சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் நம் சுரண்டைப் பிள்ளைகள், அடுத்த வாரமே அதைவிட விலை கூடிய வெளிநாட்டு வால்வைத் தேடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். பிராவோ வி2 போன்ற பெட்டிகளுக்கு வருவது வெறும் 24 வோல்ட். அவற்றில் பொருத்தும் இசிசி 82 வால்வின் தொழில்நுட்ப அட்டவணையோ 100, 250 வோல்ட்டுகளுக்கு எழுதப்பட்டது. தவிர, ஹெட்போனை ஓட்டுவது வால்வு அல்ல, பின்னால் நிற்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். ஆக, வால்வு மாற்றினால் கேட்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

தவறாக மாற்றினால் நஷ்டம் பெரிது. இசிசி 88 என்ற வேறு வால்வும் அதே ஒன்பது முள் சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் அதன் 6.3 வோல்ட் இழையில், இசிசி 82-க்கென்று வரும் 12.6 வோல்ட் அழுத்தம் விழும். மங்கிய செம்மஞ்சளாய்க் கனிய வேண்டிய இழை பளீரென்று எரிந்து வீணாகும்.

முதலில் வால்வு ஆறியதும் கழற்றி முள்களைத் துடையுங்கள், சாக்கெட்டின் பிடியை இறுக்குங்கள். பாட்டு கடந்துவரும் மலிவான கெப்பாசிட்டரை மாற்றுங்கள். காசுக்கு அதுவே நியாயமான செலவு. பிறகும் ஆசை இருந்தால் தென்காசிப் பக்கம் பழைய ரேடியோ, மைக் செட் ரிப்பேர்க்காரர்களிடம் விசாரியுங்கள். பெங்களூருவில் 1954-இல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நம் ரேடியோக்களுக்கு வால்வு செய்த நிறுவனம். அதன் முத்திரையுள்ள ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் உங்கள் கைக்கு வரட்டும்.