வாசனையும் வர்க்கமும்

பெல்மதுளைச் சந்தியில் பேருந்துக்காக நின்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், நம்மிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவன் அருகில் வந்து, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். "சேர், வார கிழமை கொழும்புல ஒரு கடைக்கு நேர்முகத்துக்குப் போறேன். விலை கொறைஞ்ச சென்ட்டா இருக்கணும், ஆனா காசுக்காரங்க போடுறது மாதிரி மணக்கணும். எது வாங்கலாம்? லயத்து வாசம் தெரியக் கூடாது, அதான் கேக்குறேன்."

உடனிருந்த நண்பர் சிரித்தார். தொழிற்சங்கப் பணியிலேயே தலை நரைத்தவர். நேர்மையில் நாம் மதிப்பவர். "நாட்சம்பளத்துக்குப் போராடுற வீட்டுப் பிள்ளைக்குச் சென்ட் ஒரு கேடா?" என்றார். பையன் தலைகுனிந்து அகன்றான்.

அந்தச் சிரிப்பை மறுப்பதற்காகவே இதனை எழுதுகிறோம். அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொய்யை மறுப்பதும் நம் நோக்கமே. சிரிப்பு நம்மவருடையது, ஆதலால் அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.

உழைப்பவனுக்கு அழகுணர்ச்சி ஆகாது என்று எந்தச் சமதர்மம் கூறியது? ஏழையை எளிமையாக இரு என்று கேட்டுக்கொள்வது, பட்டினி கிடப்பவனை உபவாசம் இருக்கச் சொல்வதற்கு ஒப்பானதாகும். நம் பழைய இலக்கியத்தைப் புரட்டிப் பார்ப்போம். மார்பிற் சந்தனம் பூசிய ஆடவரைச் சங்கப் பாடல்களில் எங்கும் காணலாம். சந்தன மரத்தையும் அகிலையும் வெட்டி எரித்துத் தினை விதைத்த மலைவாணரின் புனத்திலிருந்து எழுந்த நறும்புகையையும் அவை பேசுகின்றன. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தின் வீதிகளிற் சாந்தும் சுண்ணமும் புகைப்பொருளும் கூவி விற்றோரைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. மணம் மலைக்குடிக்கும் உரியதாயிருந்தது. தெருவில் விற்கும் பண்டமாயிருந்தது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனப் பிரித்துப் பெட்டியிலடைத்தது பிற்காலச் சந்தையே. இன்று மலையில் வாழும் ஒருவன் நன்றாக மணக்க விரும்பினால் அது பூர்சுவாச் சபலமென்று கூறுவது, நம் மரபையும் அறியாமை, மனிதனையும் அறியாமை.

இனிக் கேள்விக்கு வருவோம். "காசுக்காரரின் வாசம்" என்று ஒன்று உண்டா? உண்டெனில், அது எதனாலானது?

தோட்டத்து முதியவர்களைக் கேட்டால் "துரை வாசம்" என்பார்கள். பிரட்டுக்களத்தில் துரை கடந்து போனபின் காற்றிற் சிறிது நேரம் தங்கிய எலுமிச்சை கலந்த ஒரு மணம். கொலோன் என்னும் சொல்லே ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர். யோகன் மரியா ஃபரினா என்னும் இத்தாலியர் அந்நகரில் ஆக்கிய நீர் அது. அவரது நிறுவனம் 1709ஆம் ஆண்டில் தோன்றியது. எலுமிச்சை, தோடை, பெர்கமொட் முதலியவற்றின் எண்ணெயைச் சாராயத்திற் கலந்த அந்த நீரை அரண்மனைகள் வாங்கின. நெப்போலியன் அதனை அளவின்றிப் பயன்படுத்தினான் என்பர். அரசர்களின் அந்த மணம் இன்று எங்கே இருக்கின்றது? நம் ஊர் மருந்துக்கடைத் தட்டில், "ஓடிக்கொலோன்" என்னும் பெயரில் இருக்கின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியிலிடுகிறோம். துரை வாசம் காய்ச்சல் வாசமாயிற்று. மணத்தின் அடிப்படை மாறவில்லை. அதை வாங்கக்கூடியவர்களின் தொகைதான் மாறியது.

இது ஒரு தனி நிகழ்ச்சியன்று. 1868இல் வில்லியம் பெர்க்கின் கூமரின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார்; காய்ந்த புல்லின் இனிய மணமுடையது. 1882இல் பாரிசின் ஊபிகாங் நிறுவனம் அதனைக் கொண்டு "ஃபூஜேர் ரொயால்" என்னும் உயர்குடி வாசனையை விற்றது. கூமரினும் இலவெண்டரும் பாசியும் சேர்ந்த அதே கூட்டு, பின்னர் முகச்சவர நுரைக்கும் சலூன் கடைக்கும் உரிய மணமாகிவிட்டது. எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. டைஹைட்ரோமிர்சினால் என்னும் செயற்கைப் பொருள் முதலிற் சலவைத்தூளுக்கு மணமூட்டப் பயன்பட்டது. 1982இல் வந்த "டிராக்கார் நுவார்", 1988இல் வந்த "கூல் வாட்டர்" ஆகியவற்றில் அதையே பெருமளவிற் சேர்த்து, ஆண்மையின் வாசமென்று உலகெங்கும் விற்றார்கள். சலவைத்தொட்டியிலிருந்த மணம் கண்ணாடிக் குப்பிக்கு ஏறியதும் விலையும் ஏறிற்று. ஆகவே, விலையுயர்ந்த வாசனையென்று இயற்கையில் ஒன்றுமில்லை. செல்வரிடம் மட்டும் இருக்கும்வரை ஒரு மணம் விலையுயர்ந்தது. எல்லோரிடமும் வந்த அன்றே அது மலிந்தது. அப்போது அவர்கள் வேறொரு மணத்திற்கு மாறிக்கொள்வார்கள். இந்த ஓட்டத்தில் ஏழை என்றும் ஓரடி பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பெரும்பெயர் பெற்ற ஐரோப்பிய வாசனைகளில் 100 மில்லிலீற்றர் குப்பி 100 அமெரிக்க டொலருக்குக் குறையாமல் விற்பது வழமை. டொலரை 300 ரூபாவென்று கொண்டால் 30,000 ரூபா. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக, 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அரசின் 200 ரூபா ஊக்கத்தொகையையும் சேர்த்து 1,750 ரூபாவென்று அறிவித்தது. முந்திய கூலிப்படி அக்குப்பி 22 நாள் உழைப்பு. பிந்திய கூலிப்படி 17 நாள் உழைப்பு. இத்தனை நாள் உழைப்பைக் கொண்டு எதனை வாங்குகிறோம்? குப்பியில் மிகப் பெரும்பகுதி சாராயமும் நீருமாகும். மணமூட்டும் எண்ணெய், கொலோன் எனப்படுவதில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை. "ஓ து துவாலெத்" எனப்படுவதில் 5 முதல் 15 வரை. "ஓ து பார்ஃபம்" எனப்படுவதில் 15 முதல் 20 வரை இருப்பது பொது வழக்கு. எஞ்சிய விலை கண்ணாடிக்கும் அட்டைப்பெட்டிக்கும் நடிகரின் முகத்திற்கும் கடைவாடகைக்கும் இலாபத்திற்குமாகும்.

அந்த எண்ணெயையும் பெயருக்குரிய நிறுவனமே காய்ச்சுவதாக எண்ணவேண்டாம். உலகின் வாசனைக் கூட்டுகளிற் பெரும்பகுதியை ஆக்குவன ஜிவோடான், டி.எஸ்.எம்.-ஃபெர்மெனிக், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ் என்னும் நான்கு நிறுவனங்களே. சவர்க்காரத்திற்கும் சலவைத்தூளுக்கும் மணம் கலக்கும் இவர்களே பாரிசுக் குப்பிக்கும் மணம் கலக்கிறார்கள். இந்நால்வரும் விலையைத் தமக்குள் ஒருங்கிணைத்தார்களோ என்னும் ஐயத்தில் 2023 மார்ச்சில் சுவிற்சர்லாந்தின் போட்டி ஆணைக்குழுவும் ஐரோப்பிய ஆணையமும் விசாரணை தொடங்கின.

சட்டம் எதனைச் சொத்தென்று காக்கிறது என்பதும் நோக்கற்பாலது. வாசனையின் தலைநகரெனப்படும் பிரான்சிலேயே, வாசனைத் திரவியத்தின் மணத்திற்குப் பதிப்புரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஆனால் பெயரைத் தொட முடியாது. இன்ன பெயருடைய வாசனையைப் போன்றது இது என ஒப்பீட்டுப் பட்டியல் காட்டி மலிவாக விற்றமையைக்கூட, 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெரும்பெயரின் புகழில் முறையற்ற ஆதாயம் தேடுவதென்றது. மணம் பொதுவுடைமை, பெயரே தனியுடைமை! நம் மாணவன் 17 நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கவிருந்தது இந்தப் பெயரைத்தான்.

அந்த மணம் எங்கிருந்து போகிறது என்று கேட்போமானால், விடை நம் வாசலிலேயே நிற்கும். சிற்றனெல்லா எண்ணெயை உலகச் சந்தைக்கு முதலில் நிறைய வழங்கிய நாடு இலங்கை. தென்மாகாணத்துப் புல்லிலிருந்து வடித்த அந்த எண்ணெய் மேலைநாட்டுச் சவர்க்காரங்களுக்கு மணமூட்டியது. நம் கறுவா இலையிலிருந்து வடிக்கும் எண்ணெய் இன்றும் வாசனைத் தொழிலுக்குப் போகின்றது. சப்பிரகமுவக் காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரம் நம் இலக்கியத்து அகிலின் உறவு. அரபுநாட்டுச் செல்வர் "ஊத்" என்று விரும்பும் பிசின் அதில் விளைகிறது. இரகசியமாக வெட்டிக் கடத்துவோர் விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. கூலிக்கு வெட்டியவன் சிறைக்குப் போகிறான், குப்பி எங்கோ ஒரு மாளிகைக்குப் போகிறது. 2024 மே மாதம் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வு, எகிப்தின் வயல்களில் இரவிலே மல்லிகை பறிக்கும் சிறுவர்களைக் காட்டியது. அம்மல்லிகை லங்கோம், ஏரின் ஆகிய பெயர்களுக்குரிய வாசனைகளுக்கு வழங்கப்பட்டதென்றது. பறித்ததை நிறுத்துக் கிலோக் கணக்கிற் கூலி! கொழுந்து நிறுக்கும் தராசின்முன் வரிசையில் நின்ற தாயின் மகனுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அவன் நாடிய "காசுக்காரர் வாசம்", அவன் தாயைப் போன்றவர்களின் விரல்களிலிருந்தே புறப்படுகிறது.

இனி, அவன் மறைக்க விரும்பிய லயத்து வாசம். அஃது என்ன? பெல்மதுளைப் பக்கத்து மழை நாம் அறிந்ததே. மழை ஓயாத மாதங்களில் வெயிலைக் கண்டு துணி காய்வதில்லை. ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்புமாய் அமைந்த வீட்டில், அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் அது காயும். பள்ளிச் சீருடை விறகுப்புகையைக் குடித்தே காய்கிறது. இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளையாயின், பால்வெட்டும் தகப்பனின் உடையிலுள்ள ஒட்டுப்பால் நாற்றமும் அத்துடன் சேரும். போதிய தண்ணீரும் புகைபோக்கியும் துணி காய ஒரு கூரையும் இருந்தால் இவ்வாசத்தில் பெரும்பகுதி ஒரு மாதத்தில் மறைந்துவிடும். அதாவது, லயத்து வாசம் உடலின் குற்றமன்று, கட்டடத்தின் குற்றம். அந்தக் கட்டடத்தை எழுப்பியவரும், அதனைத் தலைமுறை தலைமுறையாக அப்படியே விட்டுவைத்தவரும் நாணவேண்டிய இடத்தில், அதனுள் பிறந்த பிள்ளை நாணுகிறான். அந்த நாணத்தைச் சந்தை குப்பியிலடைத்து அவனுக்கே விற்கிறது. வகுப்பறையில் மூக்கைச் சுளிக்கும் ஆசிரியரும் இந்த வியாபாரத்துக்கு ஊதியமில்லாத் தரகராகிறார். நம் தொழிலைச் சேர்ந்தவர்களே இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின், அவன் கேட்டதற்கு விடை கூறாமல் தத்துவம் மட்டும் பேசி அனுப்புவது, சிரித்து அனுப்பியதைவிடப் பெரிய கொடுமை. இரண்டு நாள் கழித்து அவனைத் தேடிப்பிடித்து நாம் கூறியவற்றை இங்கே தருகிறோம்.

பெயரை விட்டு மூக்கை நம்பு. பெரும்பெயரை அப்படியே அச்சடித்துப் பேருந்து நிலையத்தில் விற்கும் போலிக் குப்பியைத் தொடாதே. அதனுள் இருப்பதற்குப் பொறுப்பேற்பார் எவருமில்லை. தன் சொந்தப் பெயரில், ஆக்கியவர் முகவரியோடு வரும் மலிவான வாசனை அதனினும் மேலானது. குப்பியின் விலையைப் பாராதே. ஒரு மில்லிலீற்றரின் விலையைக் கணக்கிடு. கொலோனைவிட எண்ணெய் கூடிய வகை விலை கூடினாலும், ஓரிரு துளியே போதுமாகையால் நீண்டநாள் வரும். கடையில் அட்டைத்துண்டில் முகர்ந்து முடிவு செய்யாதே. மணிக்கட்டில் ஒரு துளி இட்டு, அரைமணி நேரம் சந்தியில் நடந்துவிட்டு வா. முதலில் எழும்பும் எலுமிச்சை மணம் பறந்தபின் எஞ்சுவதே நாள்முழுதும் உன்னோடு இருக்கப்போவது. ஈரமும் வெப்பமும் கூடிய நம் நாட்டில் வனிலாவும் அம்பரும் கனத்த இனிப்பு மணங்கள் பேருந்தில் அடுத்தவரைத் திணறடிக்கும். எலுமிச்சை, வெட்டிவேர், இலவெண்டர் வகையே தகும். குளித்த உடலில், இரண்டே தெளிப்பு. வியர்வையின்மேல் தெளித்தால் இரண்டும் கெடும்.

இறுதியாக ஒன்று கூறினோம். அதற்காகத்தான் அவனைத் தேடினோம். "நன்றாக மணக்க ஆசைப்படு, அது உன் உரிமை. ஆனால் உன் வீட்டை மறைப்பதற்காக மணக்காதே. நேர்முகத்தில் விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயரை உரத்துச் சொல்."

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். "விலாசத்தச் சொன்னா வேல கெடைக்காட்டி, சேர்?" என்றான்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்த விடையைத் தனி ஒருவனோ ஒரு குப்பியோ தர முடியாது. 1916இல் மைசூர் அரசு சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது; பின்னர் அரசுத் தொழிற்சாலைச் சவர்க்காரத்தின் வழியே சந்தன மணம் சாதாரணக் குடும்பங்களின் கிணற்றடிக்கும் வந்தது. கறுவாவும் சிற்றனெல்லாவும் விளையும் நாட்டில் நல்ல மணத்தை நியாய விலைக்கு மக்களுக்குத் தருவது இயலாததன்று. அதனினும் முன்னதாக வேண்டுவன தண்ணீரும் புகையில்லா அடுப்பும் தனி வீடும். விலாசத்தைக் கேட்டு ஆளை நிறுக்கும் முதலாளியை எதிர்த்து நிற்கும் அமைப்பும் வேண்டும்.

சிரித்த நண்பரை நாம் கேட்பது இதுவே: கூலிக்காகப் போராடும் நாம், அந்தக் கூலியில் ஒரு பங்கை வாசனைக்குச் செலவிடும் உரிமைக்காகவும் போராடுகிறோம் என்று ஏன் துணிந்து கூறக்கூடாது? சோறும் வேண்டும், பூவும் வேண்டும். லயத்துப் பிள்ளை நாணத்தால் அல்லாமல் விருப்பத்தால் மட்டும் வாசனை பூசும் நாள் வரவேண்டும். இதுவே நம் கட்சி.