டிராக்டர் சாவி யார் கையில்?



ஊரில் ஓடுகிற டிராக்டர்களின் ஸ்டியரிங்கைப் பெரும்பாலும் நம் ஆட்கள்தான் பிடித்திருக்கிறார்கள். சேற்றில் இறங்கி கேஜ் வீல் மாட்டுவது நாம். வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடிப்பது நாம். உழவு சீசனில் விடிய விடிய ஓட்டுவதும் நாம். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் நம் பெயர் இல்லை. வேலை முடிந்ததும் சாவியைக் கொண்டுபோய் மாடி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தச் சாவிக்குள் எவ்வளவு சாதி இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம்மில் கொஞ்சம் நிலம் இருப்பவர்கள் உண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்த துண்டு. உழவுக் காலத்தில் அவர்கள் வண்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பதைப் பாருங்கள். "உன் துண்டு நிலத்துக்கு வண்டிய இறக்குனா டீசல் காசுகூடத் தேறாது" என்பார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். அந்த நாளை ஒரு வாரம் கழித்து வரும். மானாவாரியில் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். குறுகிய கால நெல் என்றால் நாற்று மூன்று வாரத்துக்குள் நடவுக்கு வந்துவிடும். நாற்று முற்றினால் தூர் குறையும், விளைச்சல் குறையும். அந்த ஒரு வாரத் தாமதத்தில் வண்டிக்காரருக்கு ஒன்றும் நட்டமில்லை. நமக்கு அந்தப் போகத்தின் லாபமே போய்விடும்.

இது சாதாரணத் தாமதம்தான் என்று யாராவது சொன்னால், கோயில் திருவிழாவிலோ சுடுகாட்டுப் பாதையிலோ தகராறு வந்த பிறகு அதே ஊருக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக உழவு கிடைப்பது யாருக்கு, கிடைக்காமலே போவது யாருக்கு என்று தெரிந்துவிடும். தண்டோரா போடாமல், ஊர்க்கூட்டம் கூட்டாமல், "நாளைக்கு" என்ற ஒரே சொல்லில் ஊர்விலக்கு நடந்து முடிந்துவிடுகிறது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினர் மீதான சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. கூலிக்குச் செய்யும் வேலையை மறுப்பது, காசு கொடுத்துப் பெறும் சேவையைத் தடுப்பது எல்லாம் பொருளாதாரப் புறக்கணிப்பின் விளக்கத்துக்குள் வருகின்றன. டிராக்டர் வாடகையும் அதில் அடங்கும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், தேவைப்படும்போது புகாரில் எழுதுங்கள். ஆனால் "வண்டி ரிப்பேர்" என்று ஒருவர் சொன்னால் அது பொய் என்று நிரூபிக்க நமக்கு எத்தனை நாளாகும்? வழக்கு நடக்கிற வேகத்தில் நாற்று வளர்வதில்லை.

ஆகவே வண்டி நம்முடையதாக இருக்க வேண்டும். அதுவும் சின்ன வண்டி. 15 முதல் 20 குதிரைத்திறன் உள்ள டீசல் டிராக்டர் நம் துண்டு நிலத்துக்குப் போதும். குறுகிய வரப்பு வழியில் போகும், சின்னக் கட்டத்தில் திரும்பும். தென்னை, வாழை வரிசைகளுக்கு நடுவில் களை எடுக்கவும் ஆகும். 45, 50 குதிரைத்திறன் வண்டி இழுக்கிற ஆறடி ரோட்டாவேட்டரை இதில் மாட்டக் கூடாது. மூன்றடி அளவு போதும். பெரிய வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாத நம் அரை ஏக்கர்தான் இந்த வண்டிக்கு ஏற்ற நிலம்.

"மானியம்தான் கொடுக்கிறார்களே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பட்டியல் சாதி விவசாயிக்கு 50 விழுக்காடு வரை மானியம் இருப்பது உண்மைதான். விண்ணப்பத்தோடு என்ன கேட்கிறார்கள்? சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று. நிலம் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. மீதித் தொகைக்கு வங்கிக்குப் போனால் அங்கேயும் நிலப் பத்திரம்தான் முதல் கேள்வி. ஊர் ஊராகக் கேட்டுப் பாருங்கள், நம் ஆள் பெயரில் மானியம் எடுத்து ஆண்டை வீட்டுக் கொட்டகையில் நிற்கிற வண்டிகளின் கதை கிடைக்கும். சாதிச் சான்றிதழ் நம்முடையது, சாவி அவர்களுடையது.

நிலம் ஏன் நம்மிடம் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் நம் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போனது? அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தானே 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது? ஜான் தாமஸும் ஏழுமலையும் அந்தப் போராட்டத்தில் உயிரைக் கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. நாடு முழுவதும் சாகுபடி செய்யப்படும் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, நிலம் வைத்திருப்பவனுக்குத்தான் இயந்திரம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கணக்கை 1947இலேயே போட்டுவிட்டார். 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் விவசாயத்தை அரசுத் தொழிலாக்கச் சொன்னார். சாதி, மத வேறுபாடு இல்லாமல் கிராமத்தார்க்கு நிலத்தைக் கொடுத்துக் கூட்டாகப் பயிரிட வைக்க வேண்டும், தண்ணீரும் உழவு மாடும் கருவிகளும் எருவும் விதையும் அரசு தர வேண்டும் என்று எழுதினார். நிலத்தோடு கருவியையும் சேர்த்தே கேட்டார். கருவி இல்லாத நிலம் மறுபடியும் கருவி வைத்திருப்பவனிடமே போய்ச் சேரும். பஞ்சமி நிலத்தை மீட்ட பிறகு அதை உழுவதற்கும் நாம் ஊருக்குள் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா?

இன்னொரு பக்கம், "டிராக்டர் வந்துதான் கூலி வேலை போச்சு, இயந்திரத்தையே எதிர்க்க வேண்டும்" என்பவர்கள் இருக்கிறார்கள். வேலை போனது உண்மை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நம் பெண்களின் கூலி நாட்களைத் தின்றுவிட்டன. ஆனால் ஏரும் மாடும் இருந்த காலம் நமக்கு என்ன பொற்காலம்? பண்ணையாளாக ஏர் பிடித்த கை நம்முடையது, மாடு அவர்களுடையது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியபோது வயலில் அறுவடை இயந்திரம் ஓடவில்லை. பறித்தது இயந்திரம் என்று சொல்லி, இயந்திரத்தை வைத்திருப்பவரைத் தப்பவிடாதீர்கள்.

வண்டி கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. குழுவுக்கு வந்த வண்டி இரண்டே சீசனில் புளியமரத்தடியில் துருப்பிடித்து நின்றால், "இவனுங்களுக்குக் கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்ல ஊரே காத்திருக்கிறது. சின்னக் கோளாறுக்கெல்லாம் டவுன் மெக்கானிக்கை எதிர்பார்த்தால் அதுவும் இன்னொரு வாசலில் நிற்பதுதான். ஆகவே படித்த பிள்ளைகள் ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

காலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடாகும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் கிளீனர்தான் உயிர். ஆயில் வகையாக இருந்தால் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்த்து, மண் படிந்த ஆயிலை மாற்றுங்கள். அதை விட்டால் மண் உள்ளே போய் பிஸ்டனையும் லைனரையும் தேய்த்துவிடும். புகை கக்கி, ஆயில் குடித்து, வண்டி போர் வேலைக்கு வந்து நிற்கும். அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு. சாயங்காலமே டீசல் டேங்கை நிரப்புங்கள். காலி டேங்கில் இரவுக் குளிரில் நீர் கோத்து டீசலில் கலக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். டீசல் தீர்ந்து வண்டி நின்றால் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். பத்து நிமிட வேலை. இது தெரியாததால் ஒரு நாள் உழவு போகிறது. சேற்றில் உழுத அன்றே கழுவி கிரீஸ் அடியுங்கள். ஆயில் மாற்றுவதை மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து, கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்யாதீர்கள்.

ஓட்டுபவரின் உயிரைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை, நாம் பேசுவோம். ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். துண்டோ கைலியோ சேலையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. மூடி இல்லாமல் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது. ரோட்டில் ஏறும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள். சேற்றில் சிக்கிய வண்டியை முன் கியரில் முறுக்கினால் முன்பக்கம் தூக்கிக் கவிழும். டிராக்டர் கொண்டு செய்யும் விவசாய வேலை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டது. வண்டி கவிழ்ந்து செத்த ஓட்டுநரின் குடும்பத்துக்கு "செலவுக்கு வச்சுக்கோ" என்று கொடுக்கும் பணம் தர்மம். இழப்பீடு என்பது உரிமை.

அரசிடம் நம் கோரிக்கை நான்கு. நிலமற்ற பட்டியல் சாதிக் குழுக்களுக்குப் பட்டா கேட்காமல் இயந்திர மானியம் தர வேண்டும். மீதித் தொகைக்கு தாட்கோ கடன் தர வேண்டும். நம் பெயரில் வந்த வண்டிகள் யார் கொட்டகையில் நிற்கின்றன என்று தணிக்கை செய்ய வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்டுத் தர வேண்டும்.

நம்மிடம் நாமே வைக்கும் கோரிக்கையும் உண்டு. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு வண்டி. ஓடிய மணியும், ஊற்றிய டீசலும், வாங்கிய வாடகையும் ஒரே நோட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு மணி வாடகையிலும் ஒரு பங்கு ரிப்பேருக்கென்று தனியாகச் சேர வேண்டும். யார் வயல் முதலில் என்பதை நாற்றின் வயதும் மண்ணின் ஈரமும் முடிவு செய்யட்டும். சொந்தக்காரர் கணக்கும் உட்சாதிக் கணக்கும் அந்த நோட்டுக்குள் வரக் கூடாது. பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பார்த்து முறை போட்டால், ஆண்டை செய்ததைத்தான் நாமும் செய்கிறோம் என்று அர்த்தம். பெண்களும் ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்க வேண்டும், சாவி அவர்கள் கையிலும் இருக்க வேண்டும்.

அடுத்த உழவுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. உங்கள் தெருவில் டிராக்டர் ஓட்டும் அண்ணன்கள் எத்தனை பேர், வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர், நிலம் உள்ள குடும்பம் எத்தனை என்று இந்த வாரமே எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போங்கள். மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஜெய்பீம்!