கம்பனி எடுத்த வீட்டுக்கு வரி யார் தலையில்?

ஊரில் பேச்சில் சோலைவரி என்றும் எழுத்தில் ஆதனவரி என்றும் நாம் சொல்லும் வரியில் பெரும்பாலும் குழப்பமில்லை. வீடு யாருடையதோ வரியும் அவருடையதே. பிரித்தானியாவின் கவுன்சில் வரி அப்படியானதல்ல. மக்கள் வீதிக்கு இறங்கி எதிர்த்த தலைவரியை அகற்றிவிட்டு 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இவ்வரி, இங்கிலாந்தில் இன்றும் வீடுகளின் 1991ஆம் ஆண்டுப் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டே அளவிடப்படுகிறது. ஆனால் அது முதலில் தேடுவது சொந்தக்காரரை அல்ல, வசிப்பவரையே.

இலண்டனில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு, வாரநாட்களில் மன்செஸ்டரிலோ லீட்ஸிலோ கம்பனி எடுத்துக்கொடுத்த வீட்டில் தங்கி வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது முக்கியமான விடயம். கவுன்சிலிலிருந்து தமது பெயருக்கு வரிக்கோரிக்கை வந்ததும், அரசாங்கக் கடிதமாயிற்றே என்று அஞ்சிப் பணத்தைக் கட்டிவிடுவோர் உண்டு. அவசரப்பட வேண்டியதில்லை.

1992ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டப்படி, ஒரு வீட்டில் 'வசிப்பவர்' என்பவர் அதனைத் தமது ஒரே அல்லது பிரதான வதிவிடமாகக் கொண்டவர். வேலைக்காகத் தங்குபவரின் பிரதான வதிவிடம் வேறிடத்தில் இருக்குமாயின், கம்பனி வீட்டில் சட்டத்தின் கண்ணில் வசிப்பவர் எவருமில்லை. அப்போது வரி 'உரிமையாளர்' மீது விழும். ஆறு மாதமோ அதற்கு மேலோ குத்தகைக்கு எடுத்திருந்தால் கம்பனியே அந்த உரிமையாளர். அதற்குக் குறைவானால் வீட்டுக்காரர்.

பிரதான வதிவிடம் எது என்பதை இரவுகளை எண்ணி மட்டும் தீர்மானிக்க முடியாது. ஆண்டின் பெரும்பகுதியைக் கடலில் கழித்த கப்பல் அதிகாரி ஒருவரின் வதிவிடம் பிராட்போர்ட்டிலிருந்த அவரது குடும்ப வீடே என்று, தலைவரிக் காலத்தில், 1991இல் தீர்ப்பாயிற்று. விமானப்படைத் தளத்தில் தங்கியிருந்த படைவீரர் ஒருவருக்கும் டொன்காஸ்டர் வழக்கில் குடும்ப வீடே வதிவிடமாகக் கொள்ளப்பட்டது. ஒருவர் எங்கே உறங்குகிறார் என்பதைவிட, எங்கே திரும்பிப் போகிறார் என்பதே பெரிது. இது நியாயமான கொள்கை என்பதே என் கருத்து.

கம்பனி வீட்டுக்கு வரியே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. குப்பை அகற்றலும் தெருவிளக்கும் அந்த வீட்டுக்கும் உண்டு. அதற்கு எவரோ செலுத்தத்தான் வேண்டும். ஆனால் தொழிலாளியை அங்கு அனுப்பியதும், அதனால் இலாபம் அடைவதும் கம்பனி. செலவும் அதன் கணக்கில் ஏறுவதே முறை.

இப்போது இதில் கூடுதல் கவனம் தேவை. தளபாடங்களுடன் எவரும் வசிக்காதிருக்கும் வீடுகளுக்கு நூறு வீதம் வரை மேலதிக வரி விதிக்க, 2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. சில விலக்குகள் இருப்பினும், இரட்டிப்பு வரியைக் காணும் கம்பனிக்கு, ஊழியரையே 'வசிப்பவர்' எனக் காட்டிவிடும் ஆசை எழாதென்று சொல்வதற்கில்லை. தனியொருவர் என்ற 25 வீதக் கழிவு இரு வீடுகளுக்கும் கிடைத்தாலும், ஒரு குடும்பத்தின் மீது இரண்டு வரிகள் ஏறிவிடும்.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது இதுதான். திறப்பை வாங்குமுன் குத்தகை யார் பெயரில், எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். கவுன்சில் வரி கம்பனியின் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுங்கள். தவறான கோரிக்கை வந்தால் கவுன்சிலுக்கு எழுத்தில் ஆட்சேபியுங்கள். அது மறுத்தால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே முறையிடக் கட்டணமில்லை. ஆனால் கோரிக்கையைப் பதிலின்றி விட்டுவிடாதீர்கள். விட்டால் விடயம் நீதிமன்றம் வரை போகும். செலவும் உங்கள் தலையிலேயே விழும்.